3 மீட்டர் நகர்ந்த பிளவு எவ்வளவு நீளம் இருக்கும்? ஃபார்முலா 70 கி.மீ. என்கிறது!

சுத்தியல்23
வணக்கம். எம்.எஸ்சி. ஜியாலஜி கடைசி வருஷம். புராஜெக்டுக்காக, வேலை நின்னுபோன ஒரு கல்குவாரியை மேப் பண்ணிட்டு இருக்கேன். மணற்கல்லும் ஷேலும் மாறி மாறி வர்ற படிவுப்பாறை. அடுக்குகள் கிட்டத்தட்ட படுக்கையா கிடக்கு. குறுக்குச் சுவர் ஒண்ணுல தெளிவா ஒரு நார்மல் ஃபால்ட் (ஒரு பக்கப் பாறை சாய்வு வழியா கீழ இறங்கின பிளவு). ஒரு ஜாண் தடிமன்ல செந்நிற மணற்கல் அடுக்கு ஒண்ணு, பிளவுக்கு இந்தப் பக்கம் என் நெஞ்சு உயரத்துல வருது. அந்தப் பக்கம் அதே அடுக்கு எட்டாத உயரத்துல நிக்குது. கம்பு வச்சு அளந்தேன், வித்தியாசம் 3.2 மீட்டர்.

"இது எவ்வளவு தூரம் ஓடும்னு நினைக்கிற?"ன்னு கைடு கேட்டார். வெல்ஸ்–காப்பர்ஸ்மித் 1994 சமன்பாடு ஞாபகம் வந்தது: லாக்(அதிகபட்ச நகர்வு) = −1.38 + 1.02 × லாக்(நீளம்). தலைகீழா போட்டா 70 கிலோமீட்டர் வருது. குவாரியோட நீளமே அரை கிலோமீட்டர்தான். சொன்னதும் சிரிச்சுட்டு "யோசிச்சுட்டு வா"ன்னு அனுப்பிட்டார். கணக்கு மூணு தடவை சரிபார்த்தாச்சு. எங்க தப்பு?

லாக்பேப்பர்
கணக்குல தப்பில்ல. 3.2 மீட்டருக்கு 70 கி.மீ. வரத்தான் செய்யும். வேற வீட்டுச் சாவியை உங்க வீட்டுப் பூட்டுல போட்டுத் திருகிட்டு இருக்கீங்க, அவ்வளவுதான்.

மணற்பாறை
அதை இன்னும் கொஞ்சம் விளக்கிச் சொல்லியிருக்கலாம். நான் சொல்றேன்.

அந்தச் சமன்பாடு நிலநடுக்கங்களுக்கானது. ஒரே ஒரு நடுக்கத்தில், சில பத்து நொடிகளுக்குள், தரையில் எவ்வளவு நீளத்துக்குக் கிழிந்தது, எவ்வளவு நகர்ந்தது என்ற அளவுகளிலிருந்து எடுத்த கோடு. நீங்கள் குவாரிச் சுவரில் பார்ப்பது ஒரு நடுக்கத்தின் நகர்வு அல்ல. அந்தப் பிளவு பிறந்த நாள் முதல் செத்த நாள் வரை சேர்த்து வைத்த மொத்த நகர்வு. ஒரு நாள் செலவையும் ஆயுள் முழுக்கச் செய்த செலவையும் ஒரே கணக்கில் எழுத முடியாது.

மொத்த நகர்வுக்கு வேறு விகிதம். பிளவின் நீளத்தை 100 என்று வைத்தால், நடுவில் உள்ள அதிகபட்ச நகர்வு சுமாராக 1. சில இடங்களில் 10 வரை போகும், சில இடங்களில் 0.1-க்கு இறங்கும். உங்கள் 3.2 மீட்டருக்கு நடு மதிப்பு 320 மீட்டர். கைடு ஏன் சிரித்தார் என்று இப்போது புரிந்திருக்குமே.

இன்னொன்று. 3.2 என்பது செங்குத்து வித்தியாசம் மட்டும்தானே? அது த்ரோ. இடப்பெயர்ச்சியைப் பிளவின் சாய்வு வழியாக அளக்க வேண்டும். டிப் எவ்வளவு? ஸ்லிக்கன்சைட் கோடுகள் (பாறைகள் உராய்ந்த கீறல்கள்) பார்த்தீர்களா?

சுத்தியல்23
நன்றி அக்கா! டிப் 60 டிகிரி. பிளவுப் பரப்புல கீறல் கோடுகள் இருக்கு, நேரா சாய்வு வழியா கீழ இறங்குது. பக்கவாட்டு நகர்வு இல்லன்னுதான் தோணுது.

மணற்பாறை
அப்படியானால் 3.2-ஐ சைன் 60-ஆல் வகுங்கள். 3.7 மீட்டர். கோடுகள் பக்கவாட்டில் சாய்ந்திருந்தால் இந்தக் கணக்கே செல்லாது. அடுக்கு சாய்ந்திருந்து பிளவு முழுக்கப் பக்கவாட்டில் நகர்ந்திருந்தாலும், சுவரில் பார்த்தால் மேலே கீழே போன மாதிரிதான் தெரியும். என் முதல் களப்பணியில் அப்படி ஒரு பக்கவாட்டுப் பிளவை நார்மல் ஃபால்ட் என்று மேப்பில் போட்டுவிட்டேன். அந்த மேப் இப்போதும் யாரோ ஒருவருடைய அலமாரியில் இருக்கிறது.

அலைவரைவி
நிலநடுக்கப் பக்கத்திலிருந்து சில எண்கள். ஒப்பிட்டுப் பார்த்தால் வித்தியாசம் மனதில் பதியும்.

1992 லேண்டர்ஸ் நடுக்கம்: கிழிந்த நீளம் சுமார் 80 கி.மீ., அதிகபட்ச நகர்வு சுமார் 6 மீட்டர். 2002 அலாஸ்காவின் டெனாலி: சுமார் 340 கி.மீ., கிட்டத்தட்ட 9 மீட்டர். 1906 சான் பிரான்சிஸ்கோ: 470 கி.மீ. அளவு, 6 மீட்டர் அளவு. நீளத்தில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு, அல்லது அதற்கும் கீழே. குவாரிப் பிளவின் நூற்றில் ஒரு பங்கோடு ஒப்பிட்டால் குறைந்தது நூறு மடங்கு வித்தியாசம்.

காரணம் எளிது. ஒரு நடுக்கத்தில் பாறையிலிருந்து விடுபடும் தகைவு (ஸ்ட்ரெஸ்) பெரும்பாலும் 1 முதல் 10 மெகாபாஸ்கலுக்குள் அடங்கிவிடும். மேலோட்டுப் பாறையின் சறுக்கு விறைப்பு, அதாவது பக்கவாட்டில் தள்ளினால் அது எதிர்த்து நிற்கும் அளவு, சுமார் 30 ஜிகாபாஸ்கல் (30,000 மெகாபாஸ்கல்). 3-ஐ 30,000-ஆல் வகுத்தால் பத்தாயிரத்தில் ஒன்று. நடுக்கம் சிறியதோ பெரியதோ, இந்தத் தகைவு அதிகம் மாறுவதில்லை. அதனால்தான் விகிதமும் ஓரளவு நிலையாக நிற்கிறது.

மேலே உள்ள மூன்றையும் உற்றுப் பாருங்கள். லேண்டர்ஸைவிட சான் பிரான்சிஸ்கோ ஆறு மடங்கு நீளம், நகர்வோ ஒன்றுதான். இப்படிப்பட்ட செங்குத்துப் பிளவுகளில் உடையும் பகுதியின் ஆழம் 15, 20 கி.மீ.யோடு நின்றுவிடுகிறது; அதற்குக் கீழே சூட்டில் பாறை உடையாமல் இழுபடும். நீளம் மட்டும் கூடிக்கொண்டே போனால் நகர்வு அதே வேகத்தில் கூட வேண்டியதில்லை. எந்த அளவு நகர்வைத் தீர்மானிக்கிறது, (ஆழவாக்கில் உள்ள) அகலமா நீளமா என்று எங்கள் ஆட்கள் 1980-களிலிருந்து சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1855 நியூசிலாந்து வைராரபா நடுக்கத்தில் 18 மீட்டர் வரை பக்கவாட்டில் நகர்ந்திருக்கிறது. அது யார் கோட்டிலும் ஒழுங்காக உட்காராது.

சுத்தியல்23
அப்ப நூற்றில் ஒண்ணு வரணும்னா குறைஞ்சது நூறு நடுக்கம் சேரணுமா? ஆனா ஒவ்வொரு தடவையும் பிளவு நீளமும் வளருமே? அப்புறம் விகிதம் எப்படி ஏறும்?

மணற்பாறை
நல்ல கேள்வி. ஒரு ரப்பர் ஷீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். நடுவில் பிளேடால் ஒரு கீறல். கீறலின் இரண்டு கரைகளையும் எதிர் எதிர்த் திசையில் தள்ளுங்கள். நடுவில்தான் அதிகம் நகரும். முனைக்குப் போகப் போகக் குறைந்து, முனையில் பூஜ்யம். அதற்கு அப்பால் ஷீட் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, எங்கே நகர்வது? கீறலை இரண்டு மடங்கு நீளமாக்கி அதே பலத்தில் தள்ளினால் நடுவிலும் இரண்டு மடங்கு நகரும். நீளமும் நகர்வும் நேர்விகிதம் என்பதன் அடிப்படை இதுதான்.

பாறையில் முனைதான் சிக்கலான இடம். நகர்ந்த பாகத்துக்கும் நகராத பாகத்துக்கும் நடுவே தகைவு குவிகிறது. அந்த இடத்தில் பாறை நொறுங்கி, சின்னச் சின்ன விரிசல்களாகிப் பிளவை ஓரடி முன்னே விடுகிறது. ஒவ்வொரு நடுக்கமும் முனையை ரொம்பக் கொஞ்சம்தான் தள்ளும். ஆனால் நடுப்பகுதி ஒவ்வொரு முறையும் நகரும். நீங்கள் கேட்டது போல விகிதம் ஏறத்தான் பார்க்கும். ஏறவிடாமல் பிடித்து வைப்பது முனையில் உள்ள பாறையின் வலிமை. நகர்வு அளவுக்கு மீறினால் முனை தாங்காது, பிளவு நீண்டுவிடும். மொத்த விகிதம் பாறையின் வலிமையைப் பொறுத்தது, நடுக்கத்தின் விகிதம் தகைவு வீழ்ச்சியைப் பொறுத்தது. இரண்டுக்கும் அவ்வளவு தூரம் இருப்பது இதனால்தான். பேஷன்ஸ் கோவியும் கிறிஸ்டோபர் ஷோல்ஸும் 1992-இல் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்கள்.

லாக்பேப்பர்
ரப்பர் ஷீட் எல்லாம் சரி. அந்த "நேர்விகிதம்" வந்த வழியைக் கொஞ்சம் பார்ப்போமா?

1986-இல் வாட்டர்சன் நகர்வு நீளத்தின் வர்க்கத்துக்கு விகிதம் என்றார். அதாவது அடுக்கெண் 2. 1991-இல் மாரெட், ஆல்மெண்டிங்கர் இருவரும் அடுக்கெண் 1.5 என்றார்கள். அடுத்த வருஷம் கோவி–ஷோல்ஸ் 1 என்றார்கள். யூட்டா மணற்கல்லில் உள்ள உருமாற்றப் பட்டைகளை (டிஃபர்மேஷன் பேண்டுகளை) அளந்தவர்களுக்கு 0.5 கிடைத்தது. ஒரே இயற்கை, நாலு அடுக்கெண்!

இது எப்படி நடந்ததென்றால், சென்டிமீட்டர் நீளப் பிளவுகளை ஒரு குவாரியிலிருந்து, நூறு மீட்டர் பிளவுகளை ஒரு நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து, பத்து கிலோமீட்டர் பிளவுகளை ஒரு எண்ணெய்ப் படுகையிலிருந்து எடுத்து, எல்லாவற்றையும் ஒரே லாக்-லாக் தாளில் கொட்டிக் கோடு போட்டார்கள். மூன்று கூட்டமும் மூன்று வகைப் பாறை. ஒவ்வொரு கூட்டத்துக்குள்ளும் சாய்வு 1-ஆக இருந்தாலும், கூட்டங்கள் மேலே கீழே தள்ளியிருந்தால் மொத்தக் கோட்டின் சாய்வு மாறிவிடும். அப்புறம் லாக்-லாக் தாள் ரொம்ப இரக்கமுள்ளது. பத்து மடங்கு பிழையை ஒரு விரற்கடை தூரமாகக் காட்டும். பத்துப் பத்து மடங்காக எட்டுப் படி நீளத்துக்குத் தாளை விரித்தால் யானைக்கூட்டம் கூட நேர்கோட்டில்தான் நிற்கும்.

தம்பி, உங்கள் 3.7 மீட்டருக்கு உண்மையான விடை "37 மீட்டரிலிருந்து 3.7 கிலோமீட்டர் வரை." 370 என்று ஒற்றை எண்ணைக் கைடிடம் கொடுத்தால் மறுபடி சிரிப்பார்.

மணற்பாறை
கலப்படம் நடந்தது உண்மை. அதைச் சரிசெய்யத்தான் ஒரே பாறையில், ஒரே காலத்தில் பிறந்த பிளவுகளை மட்டும் அளக்கப் போனார்கள். கலிஃபோர்னியாவில் பிஷப் டஃப் என்று ஒரு எரிமலைச் சாம்பல் பாறை. சுமார் 7,60,000 ஆண்டுக்கு முன் ஒரே வெடிப்பில் கொட்டியது. அதன் மேல் பரந்த சமவெளியில் நூற்றுக்கணக்கான நார்மல் பிளவுகள். ஒவ்வொன்றும் தரையில் ஒரு படிக்கட்டு மாதிரி நிற்கும், ஒரு முனையில் ஆரம்பித்து மறு முனையில் முடிவது வரை நடந்தே அளந்துவிடலாம். பாறை ஒன்று, எந்தப் பிளவும் அந்தச் சாம்பலைவிட மூத்ததல்ல. 1993-இல் வெளியான அந்த அளவீட்டில் நேர்விகிதம்தான் வந்தது, நூற்றில் ஒன்று என்ற அளவில்.

உருமாற்றப் பட்டைகளை இந்தக் கூட்டத்தில் சேர்ப்பதே தப்பு. அவற்றில் சறுக்கும் பரப்பே கிடையாது, மணல்துகள்கள் நசுங்கி இறுகிய பட்டை அது. கொஞ்சம் நகர்ந்ததும் முறுக்கேறி நின்றுவிடும். அடுத்த பட்டை பக்கத்தில் பிறக்கும். நீளத்துக்கு ஏற்ற நகர்வு சேராததில் என்ன ஆச்சரியம்?

லாக்பேப்பர்
பிஷப்பை ஒத்துக்கொள்கிறேன். யானைக்கூட்டத்தை வாபஸ் வாங்கமாட்டேன்.

பழைய சுரங்கம்
இவ்வளவு கணிதம் எனக்கு வராது. முப்பது வருஷத்துக்கு மேல் நிலக்கரிச் சுரங்கத்தில் இருந்தவன், பணி ஓய்வு பெற்றாச்சு. நாங்கள் பார்த்ததைச் சொல்கிறேன்.

முகப்பில் வெட்டிக்கொண்டே போவோம். திடீரென்று நிலக்கரி அடுக்கு காணாமல் போகும், எதிரே வெறும் கல். பிளவு. அடுக்கு மேலே போயிருக்கிறதா கீழே போயிருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, ஏனென்றால் அடுத்த ஷிஃப்டுக்குள் எந்தப் பக்கம் துளை போடுவது என்று முடிவு சொல்ல வேண்டும். ஓரத்தில் அடுக்கு எந்தப் பக்கம் இழுபட்டு வளைந்திருக்கிறது என்று விரலால் தடவிப் பார்ப்போம். வளைவு காட்டும் திசையில் துளை போட்டால் பெரும்பாலும் கிடைக்கும். பெரும்பாலும்தான்; ஏமாந்த நாளும் உண்டு.

அடுத்த பேனலில் (அடுத்து வெட்டப்போகும் பகுதியில்) அதே பிளவு வருமா என்பது இரண்டாவது கேள்வி. அதற்கு எங்கள் வழி, ஒவ்வொரு குறுக்குப் பாதையிலும் த்ரோவை எழுதி வைப்பது. 2 மீட்டர், 1.6, 1.1, 0.7 என்று இறங்கினால் இன்னும் இரண்டு பாதையில் செத்துவிடும் என்று திட்டம் போடலாம். இறங்காமல் 2, 2.1, 2 என்றே நின்றால் அது பெரிய ஆள், ஒதுங்கிவிட வேண்டும். நூற்றில் ஒன்று என்பதை நாங்கள் அறிந்ததில்லை. ஒரு இடத்து எண்ணை வைத்து எதுவும் சொல்லாதே, எண் எப்படி மாறுகிறது என்று பார் என்பதுதான் எங்கள் பாடம்.

தம்பி, ஒரு சுவரில் மட்டும் அளந்திருக்கிறீர்கள். அந்தச் சுவர் பிளவின் நடுவயிற்றை வெட்டுகிறதா, வாலை வெட்டுகிறதா என்று தெரியுமா?

சுத்தியல்23
தெரியாது ஐயா. அதை யோசிக்கவே இல்ல. சனிக்கிழமை திரும்பப் போறேன். குவாரியில படிபடியா வெட்டியிருக்கிற பெஞ்ச் ஒவ்வொண்ணா நடந்து அளக்கறேன்.

ஆழ்துளை
இடையில் ஒரு சந்தேகம். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு சுமார் 1,200 கி.மீ. நீளம். அதில் பினக்கிள்ஸ் எரிமலைப் பாறையும் நீனாக் எரிமலைப் பாறையும் ஒரே பாறையின் இரண்டு துண்டுகள், 300 கி.மீ.க்கு மேல் பிரிந்து போய்விட்டன என்று படித்தேன். நாலில் ஒரு பங்கு! உங்கள் நூற்றில் ஒன்று எங்கே போச்சு?

அலைவரைவி
அதைவிட மோசமான ஆள் இருக்கிறது. நியூசிலாந்தின் ஆல்பைன் பிளவு. நிலத்தில் தெரியும் நீளம் சுமார் 600 கி.மீ.; அதன் குறுக்கே பாறைப் பட்டைகள் சுமார் 480 கி.மீ. நகர்ந்திருப்பதை ஹெரால்ட் வெல்மன் 1940-களில் கண்டுபிடித்தார். வடக்கு அனடோலியப் பிளவோ 1,200 கி.மீ.க்கு மேல் நீளம், நகர்வு 80 கி.மீ. சொச்சம், இது கொஞ்சம் வரம்புக்குள் வருகிறது.

ரப்பர் ஷீட் உவமை இங்கே ஏன் செல்லாது என்று பாருங்கள். அதில் கீறலின் இரண்டு முனையும் ஷீட்டுக்குள்ளேயே முடிகின்றன. தட்டு எல்லைப் பிளவு அப்படி முடிவதில்லை. சான் ஆண்ட்ரியாஸ் வடக்கே மெண்டசினோவில் மூன்று தட்டுகள் சந்திக்கும் இடத்தில் வேறு எல்லைகளோடு இணைகிறது, தெற்கே விரிவு மையங்களோடு இணைகிறது. ஷீட்டை முழுக்கக் கிழித்து இரண்டு துண்டாக்கிவிட்டால் அவற்றை எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் தள்ளலாமே! டுசோ வில்சன் 1965-இல் டிரான்ஸ்ஃபார்ம் பிளவு என்று தனிப் பெயர் வைத்ததே இந்த வித்தியாசத்துக்காகத்தான்.

கரிஸோ சமவெளியில் வாலஸ் ஓடை என்று ஒரு சின்ன ஓடை. மலையிலிருந்து நேராக வந்து, பிளவைத் தொட்டதும் பக்கவாட்டில் திரும்பி 130 மீட்டர் ஓடி, மறுபடி நேராகப் போகிறது. சுமார் 3,700 ஆண்டில் சேர்ந்த நகர்வு, ஆண்டுக்கு 34 மி.மீ. அளவு. நகர்வு இப்படிச் சேர்ந்துகொண்டே இருக்கும், முனையில் தடுக்கப் பாறை இல்லை.

படுகை
தாமதமா வர்றேன். எனக்கு வேலை சீஸ்மிக் டேட்டா, அதாவது அதிர்வலை அனுப்பி நிலத்தடியைப் படம் பிடிக்கறது. லாக்பேப்பர் சொன்ன சிதறலில் பாதி இயற்கை, பாதி நம்ம கண்ணு.

3டி சீஸ்மிக்கில் ஒரு பிளவு 4 கி.மீ. நீளம் தெரியுதுன்னு வச்சுக்கோங்க. நடுவுல 40 மீட்டர் நகர்வு. அந்த டேட்டாவுல 15 மீட்டருக்குக் கீழ எதுவும் கண்ணுக்குப் படாது. நகர்வு நடுவிலிருந்து முனை வரை ஒரே சீரா குறையுதுன்னா, நீங்க பார்க்கிற 4 கி.மீ. நகர்வு 15-க்கு மேல இருக்கிற பாகம் மட்டும்தான். உண்மை நீளம் 4 × 40 ÷ 25, அதாவது 6.4 கி.மீ. விகிதம் நூற்றில் ஒண்ணுன்னு ரிப்போர்ட் எழுதுவீங்க, உண்மையில 160-ல ஒண்ணு. சின்னப் பிளவுல இந்தத் தப்பு இன்னும் பெருசா வரும். 20 மீட்டர் நகர்வுள்ள பிளவோட முக்கால் நீளம் கண்ணுக்கே தெரியாது.

இன்னொரு பெரிய சண்டையை யாரும் தொடல. பிளவு நீளமும் நகர்வும் கூடவே வளருதுங்கறது ஒரு கதை. நாங்க பல படுகைகள்ல பார்க்கிறது வேற. பிளவு முதல்லயே, தன் ஆயுளோட ஆரம்பத்துலயே, முழு நீளத்தையும் எடுத்துக்குது. அதுக்கப்புறம் நீளம் கூடாது, நகர்வு மட்டும் சேரும். வால்ஷ், நிகோல், சைல்ட்ஸ் 2002-ல இதைத் தெளிவா எழுதினாங்க. எப்படித் தெரியும்னா, பிளவு நகரும்போதே வண்டல் படிஞ்சுட்டு இருந்தா, தாழ்ந்த பக்கத்துல அடுக்கு தடிமனாகும். எந்தெந்த இடத்துல எந்த வயசு அடுக்கு தடிச்சிருக்குன்னு பார்த்தா, அந்தக் காலத்துல பிளவு எதுவரைக்கும் ஓடிச்சுன்னு படிச்சிடலாம். மிகப் பழைய அடுக்கே முனை வரைக்கும் தடிச்சிருந்தா, நீளம் அப்பவே வந்தாச்சு.

மணற்பாறை
அந்தப் படுகைகள் பலவற்றில் அடியில் பழைய பிளவுகள் தூங்கிக்கொண்டிருந்தனவே? தூங்கியது எழுந்தால் நீளம் முன்பே போட்டு வைத்ததுதான். புதுப் பாறையில் முதல்முறை உடையும் பிளவுக்கு அதையே சட்டமாக வைக்க முடியாது. பிஷப் டஃபில் குட்டிப் பிளவுகள் ஒவ்வொன்றாகப் பெரிய பிளவுகளோடு சேரும் எல்லாக் கட்டமும் அருகருகே தெரிகிறது.

படுகை
பழைய பிளவு எழறது ஒரு காரணம்தான், ஒத்துக்கறேன். ஆனா கடைசியா அளக்கிற ஆளுக்கு ரெண்டு கதையும் ஒரே புள்ளியைத்தான் கொடுக்கும். செத்த பிளவை அளந்து அது எப்படி வளர்ந்ததுன்னு சொல்றது கஷ்டம். அந்தத் தாள்ல உள்ள கோடு வளர்ச்சிப் பாதை இல்ல. பல பிளவுகளோட கடைசி நாள் போட்டோக்களை ஒண்ணா ஒட்டின ஆல்பம்.

மணற்பாறை
இதில் முழு சம்மதம். பிளவுகள் இணைவதைச் சேர்த்தால் பாதை படிக்கட்டு மாதிரி ஆகிறது. இரண்டு 300 மீட்டர் பிளவுகள் இணைந்தால் நீளம் ஒரே நாளில் 600. நகர்வு இன்னும் 3 மீட்டர்தான். விகிதம் பாதியாகிவிடும். பிறகு நடுப்பகுதி மெதுவாக நகர்ந்து கணக்கைச் சரிக்கட்ட வேண்டும்.

நிலாப்பாறை
ஒரு சின்னத் தகவல்: செவ்வாய்க் கோளில் அளந்த பிளவுகளுக்கு இந்த விகிதம் பூமியில் உள்ளதைவிடக் குறைவு. ஈர்ப்பு குறைவு என்பதால் ஆழத்தில் பாறைமேல் அமுக்கமும் குறைவு, வலிமையும் குறைவு என்று விளக்கம் சொல்கிறார்கள். முனைப் பாறையின் வலிமைதான் விகிதத்தைத் தீர்மானிக்கிறது என்ற மணற்பாறையின் பேச்சோடு இது பொருந்துகிறது.

லாக்பேப்பர்
செவ்வாயில் மேலிருந்து படம் எடுத்து அளப்பவர்களுக்கு முனை எங்கே முடிகிறது என்று மட்டும் கச்சிதமாகத் தெரிந்துவிடுமாக்கும்.

சுத்தியல்23
போயிட்டு வந்தேன்! ரெண்டு நாள், முழங்கால் ரெண்டும் சிராய்ப்பு. ஆனா அள்ளிட்டு வந்திருக்கேன்.

அதே செந்நிற அடுக்கைப் பிடிச்சுக்கிட்டே, பெஞ்சுகள் வெட்டுற ஒவ்வொரு இடத்துலயும் த்ரோ எடுத்தேன். முதல்ல பார்த்த சுவரை 0-ன்னு வைங்க. கிழக்கே 20 மீட்டர்ல 3.4, அதுதான் அதிகபட்சம். அப்புறம் கிழக்கே போகப் போக மெதுவா இறங்குது: 60-ல 2.8, 110-ல 1.9, 160-ல 0.9, 200-ல ஒரு கை அகலம். 210-ல தேடித் தேடிப் பார்த்தும் அடுக்கு உடையல, லேசா வளையுது அவ்வளவுதான். அதை முனைன்னு எடுத்துக்கிட்டேன்.

மேற்கே கதையே வேற. சுவர்ல 3.2. 20 மீட்டர் தள்ளி 2.7, 40-ல 1.5, 55-ல 0.4, 60-ல ஒண்ணுமில்ல. அதாவது கிழக்கே 190 மீட்டர் எடுத்துக்கிட்டு இறங்கினது, மேற்கே 80 மீட்டர்ல தொப்புனு விழுது. மொத்த நீளம் 270. இடப்பெயர்ச்சி 3.4-ஐ சைன் 60-ஆல வகுத்தா 3.9. விகிதம் 69-ல ஒண்ணு.

ஏன் மேற்கே இப்படி அவசரமா சாகுதுன்னு குழம்பிப்போய் உட்கார்ந்திருந்தப்ப, 12 மீட்டர் தள்ளி எதிர் பெஞ்சுல அதே அடுக்கு உடைஞ்சிருக்கிறது கண்ல பட்டது. இன்னொரு பிளவு! முதலாவதுக்கு இணையா, அதே பக்கம் சாயுது. முதல் பிளவு சாகறதுக்கு 25 மீட்டர் முன்னாடியே இது ஆரம்பிச்சிடுது. ரெண்டுக்கும் நடுவுல உள்ள துண்டுல அடுக்குகள் படுக்கையா இல்ல, 8 டிகிரி சாய்ஞ்சு ஒரு சரிவுப் பாதை மாதிரி இறங்குது. ரெண்டாவது பிளவுல அதிகபட்ச த்ரோ 2.1. அது ஆரம்பிச்ச இடத்துலேருந்து மேற்கே 160 மீட்டர் வரைக்கும் தொடர்ந்து போச்சு, அப்புறம் மண் மூடிடுச்சு.

மணற்பாறை
தம்பி, நீங்கள் கண்டுபிடித்தது ரிலே ராம்ப். பாடப்புத்தகப் படத்தை நேரில் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இரண்டு பிளவுகளும் ஒன்றையொன்று தொடாமலே சுமையைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த 8 டிகிரி சரிவுதான் ஒரு பிளவின் நகர்வை இன்னொன்றுக்குக் கைமாற்றும் இடம். பக்கத்தில் ஆள் இருப்பதால் மேற்கு முனையால் சுலபமாக முன்னேற முடியவில்லை, அதனால் நகர்வு அங்கே நெருங்கி நிற்கிறது.

சரிவுத் துண்டில் குறுக்கு விரிசல் ஏதாவது ஓடுகிறதா? ஓடினால் இணைய ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

சுத்தியல்23
ரெண்டு மூணு விரிசல் இருக்கு அக்கா, ஆனா எதுலயும் அடுக்கு நகரல. போட்டோ எடுத்திருக்கேன்.

லாக்பேப்பர்
அருமை. இப்போது என் கேள்வி: இது ஒரு பிளவா, இரண்டா? இரண்டு என்றால் முதலாவதுக்கு 69-இல் ஒன்று. ஒன்று என்றால் 270 + 160 − 25 = 405 மீட்டருக்கு 3.9, 103-இல் ஒன்று. தரை அதே, டேப் அதே, புள்ளி மட்டும் தாளில் நகர்கிறது. விவாதத்தில் பேசிய சிதறலை ஒரே குவாரியில் தம்பி உற்பத்தி பண்ணிவிட்டார்.

படுகை
சீஸ்மிக்ல பார்த்தா 12 மீட்டர் இடைவெளி தெரியாது. நான் கண்ணை மூடிட்டு ஒரே பிளவுன்னு வரைஞ்சிருப்பேன். அதாவது த்ரோ 3 மீட்டர் பிளவு எனக்குத் தெரிஞ்சிருந்தா.

மணற்பாறை
இரண்டையும் எழுதுங்கள். "பிளவு அ", "பிளவு ஆ", கீழே "அ+ஆ, இணையாத அமைப்பு" என்று மூன்று வரி. எதை எங்கே அளந்தீர்கள் என்பது இருந்தால் பிற்பாடு படிப்பவர் தன் விருப்பப்படி கூட்டிக்கொள்ளட்டும். ஆ-வின் நீளத்துக்கு முன்னால் "குறைந்தது" என்று கட்டாயம் போடுங்கள்.

பழைய சுரங்கம்
அந்த மண் மூடிய இடத்தில் ஆழம் எவ்வளவு இருக்கும்? முழங்கால் அளவு என்றால் ஒரு குழி வெட்டிப் பார்க்கலாமே. கடைசியாக அளந்த த்ரோ என்ன?

சுத்தியல்23
கடைசி அளவு 0.9 மீட்டர் ஐயா. மண் ரெண்டடி இருக்கும்.

பழைய சுரங்கம்
0.9-இல் நின்றது என்றால் அது சாகவில்லை. இருபது மீட்டர் தள்ளி வெட்டுங்கள்.

சுத்தியல்23
வெட்டினேன். 22 மீட்டர் தள்ளி, பிளவு ஓடற திசைக்குக் குறுக்கா, ரெண்டரை மீட்டர் நீளத்துல ஒரு பள்ளம். கூட வந்த ஜூனியர் பையன் என்னைத் திட்டிட்டே தோண்டினான். அடியில செந்நிற அடுக்கு வந்தது. தெற்கு ஓரத்துல ஒரு மட்டம், ஒரு இடத்துல சாம்பல் நிறக் களிமண் கோடு, அதைத் தாண்டி அடுக்கைக் காணோம். இன்னும் கீழ தோண்டினா 70 சென்டிமீட்டர்ல திரும்பக் கிடைச்சுது.

நோட்டுல 160-ஐ அடிச்சுட்டு "182-க்கு மேல்"னு எழுதியிருக்கேன். அடுத்த குழி 50 மீட்டர் தள்ளி போடலாமான்னு யோசிக்கிறேன். ஜூனியர்தான் வர மாட்டேங்கிறான்.